ஒரே சோறு, ஒரே அடி

எனக்கு வயிறு வலித்தால் என் தங்கச்சிக்கும் பேதி மருந்து கொடுப்பார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். இலங்கையில் எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் என் அம்மா நடத்திய நீதி அது. கண்ட காயையும் கடித்துவிட்டு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டால், அம்மா விளக்கெண்ணெயை இரண்டு கரண்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு வருவாள். ஒன்று எனக்கு. மற்றது, மூலையில் உட்கார்ந்து சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருக்கும் தங்கச்சிக்கு.

“அவளுக்கு எதுக்கும்மா? அவளுக்கு ஒண்ணுமில்லையே!” என்று நான்தான் கத்துவேன்.

“ஒனக்குக் குடுத்தா அவளுக்கும் குடுக்கணும். வாயத் தொறங்கடி ரெண்டு பேரும்.”

தங்கச்சி வாயைத் திறப்பாள். மூக்கைக்கூடப் பிடிக்க மாட்டாள். விழுங்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அதற்குப் பதில் அம்மாவிடம் நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அடியும் அப்படித்தான். கணக்கப்பிள்ளை வீட்டுக் கொய்யா மரத்தில் நான் ஏறினாலும் சரி, பக்கத்துக் காம்பராச் சேவலை நான் கல்லால் அடித்தாலும் சரி, இரண்டு முதுகும் பழுக்கும். யாராவது ஒரு துண்டு கித்துல் பனைக் கருப்பட்டி கொடுத்தால், ரப்பர்ப் பால்வெட்டுக் கத்தியைத் துடைத்து அதை நடுவே பிளந்து, இரண்டையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தருவாள். பழைய சேலையைக் குறுக்கே கிழித்து ஆளுக்கொரு பாவாடை. ஒரே பக்கம் வகிடு, ஒரே மாதிரிச் சடை. எங்களுக்குள் ஒன்றரை வயது வித்தியாசம்தான், முகமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. விடியற்காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்து முழிப்பார். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தும் என்ன பலன்? ஒரு விஷயத்திலாவது நாங்கள் ஒத்துப்போனோமா? எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். அவளுக்குக் கோபம் என்று ஒன்று உண்டா இல்லையா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மேல்மலையில் நின்று பேசினால் கீழே ஸ்டோரில் பால் ஊற்றுகிறவர்களுக்குக் கேட்கும். அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசினாலே “என்னடி சொன்ன?” என்று கேட்க வேண்டும். எனக்குப் பச்சை மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. அவள் அந்தக் கருப்பட்டித் துண்டைப் பொழுது சாயும்வரை வாயில் அடக்கி வைத்திருப்பாள். சிரிப்பு வந்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், சத்தம் வெளியே வராது. லயத்தில் அவளை ஊமைக்கோட்டான் என்றார்கள். என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பால்வெட்டும் அதே கதைதான். ஒரே நாளில் இருவரையும் மலைக்குக் கூட்டிப்போய், ஒரே மரத்தின் முன்னால் நிறுத்தி, பட்டையை எப்படிச் சீவுவது, பால் வடியச் சிரட்டையை எங்கே பொருத்துவது என்று அம்மா காட்டிக் கொடுத்தாள். நான் சரசரவென்று வெட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவேன். பாதி மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டிருக்கும்.

“பால் வெட்டச் சொன்னா கொல பண்ணி வச்சிருக்கியே புள்ள!” என்பார் கணக்கப்பிள்ளை.

“மரம் ஒண்ணும் சொல்லலீங்களே, ஒங்களுக்கு என்னங்க?” என்பேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். தங்கச்சி வெட்டின மரத்தைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு அதுதான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் சிங்களம். எங்கள் தோட்டத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம், நடுவில் ஓடை. அந்த ஓடையில்தான் அவர்களும் குளித்தார்கள், நாங்களும் குளித்தோம். ஒரே தண்ணீர், ஒரே கல். தங்கச்சி பல் விழுந்து முளைப்பதற்குள் சிங்களம் பேசக் கற்றுக்கொண்டாள். தமிழில் வாயைத் திறக்காதவள், ஓடைக்குப் போனால் அந்தப் பிள்ளைகளோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பாள்.

“எப்பிடிடி படிச்ச?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“காது இருக்குல்லக்கா” என்றாள்.

எனக்கும் காது இருந்தது. ஆனால் என் சத்தம் அதை வேறு எதையும் கேட்க விட்டால்தானே! போதாக்குறைக்கு, தமிழையே கொஞ்சம் உரக்கச் சொன்னால் யாருக்கும் விளங்கிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே சிங்களத்தில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

எங்கள் தாய்மாமா பலாங்கொடைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அம்மாவுக்கு அண்ணன். அவருக்கு ஒரே மகன். நாங்கள் தாவணி போட்ட பிறகு ஒரு வருடம், எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு மாமா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் பிடித்தது மழை. இரத்தினபுரியில் ஆறு பெருகி, குறுகின தண்டவாளத்துச் சின்ன ரயில் ஓடவில்லை. விருந்தாளிகள் இருவரும் எங்கள் காம்பராவில் மாட்டிக்கொண்டார்கள். மழையில் பால்வெட்டும் கிடையாது, ஆகவே நாங்களும் வீட்டில்தான்.

மாமா மகன் நல்ல மனிதர். குறை சொல்லக் கூடாது. தோட்டத்து மாட்டு வண்டியைப் பலாங்கொடைச் சந்தைக்கு ஓட்டிப்போய் அரிசி ஏற்றி வருகிற வேலை. ஆனால், ஐயோ சாமி, அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் எனக்கு ஒரு கோபம் வந்து, தணிந்து, அடுத்த கோபமும் வந்துவிடும். “சோறு போடட்டுமா?” என்றால் தட்டைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், மழையைப் பார்ப்பார், பிறகு “ம்” என்பார். மாட்டோடு பழகிப் பழகி அப்படி ஆகிவிட்டாரோ என்னவோ. தங்கச்சிக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. அவர் பதில் சொல்லும்வரை கரண்டியோடு அப்படியே நிற்பாள்.

மழை விட்டு அவர்கள் போன பிறகு, மலையில் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தபோது, தங்கச்சி கத்தியை நிறுத்தினாள்.

“அக்கா.”

“என்னடி?”

“எனக்கு அத்தானத்தான் கட்டிக்கணும்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள் தனக்கு இது வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதே இல்லை. விளக்கெண்ணெய் வேண்டாம் என்றுகூடச் சொல்லாதவள்!

“அடி ஊமைக்கோட்டான்! கட்டிக்க. தாராளமாக் கட்டிக்க. யாரு வேணாங்குறது?” என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் சிரட்டைப் பால் என் பாவாடையெல்லாம் கொட்டியது.

வேண்டாம் என்பது யார் என்று சீக்கிரமே தெரிந்தது. அந்தப் பக்கம் போய்வந்த ஒரு கங்காணியிடம் மாமா வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். “ஆவணியில பொண்ணு கேட்டு வாறோம். ரெண்டும் ஒரே மாதிரிதானே, எதக் குடுத்தாலும் சரி.”

எதைக் கொடுத்தாலும் சரியா! நாங்கள் என்ன பூசணிக்காயா? நான் காம்பராவுக்கும் வாசலுக்குமாகக் குதித்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: “மூத்தவ இருக்கயில என்ன பேச்சு? ஒன்னயத்தான் குடுக்கணும்.”

“எனக்கு வேணாம். அவளக் குடு.”

“வேணாமா? ஒனக்கு வேணாம்னா அவளுக்கும் வேணாம். ரெண்டு பேருக்கும் வேற எடம் பாப்போம்.”

பேதி மருந்து நீதி! நான் சரி என்றால் அவருக்கு நான்தான் மனைவி, தங்கச்சியின் ஆசை மண். நான் மாட்டேன் என்றாலும் அவளுக்கும் சேர்த்து மாட்டேன் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாள். அப்பாவிடம் போய் நின்றேன். அவர் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் “சரிதான்” என்கிற மனிதர். எனக்கும் சரிதான் என்றார், அம்மாவுக்கும் சரிதான் என்றார். தங்கச்சியைக் கேட்டால், “நீயே பாத்துக்கக்கா, எனக்கு அம்மாகிட்ட வாய் வராது” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த ஒன்று நடக்காவிட்டால் இவள் இனி எதையுமே கேட்க மாட்டாள் என்று பட்டது.

ஆக, மிஞ்சியது ஒரே வழி. அவர்களே வாயைத் திறந்து இளையவள்தான் வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு நாங்கள் இருவரும் வேறு வேறு ஆள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாமியின் மடியில் சூடான கோப்பியைக் கொட்டுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நாளும் வந்தது. மாமா, மாமி, மாமா மகன் மூவரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தோம். அம்மா எங்களுக்கு ஒரே மாதிரி மாம்பழக் கலர்ச் சேலை கட்டி, ஒரே அளவு பூ வைத்து, நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்திருந்தாள். வெளியே அனுப்புமுன் என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“வாயத் தொறந்த, நாக்குல சூடு வச்சிருவேன்.” பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, “ஒனக்குந்தான்” என்றாள்.

கோப்பியையும் தானே எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். என் திட்டத்தில் மண் விழுந்தது. மாமி எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதுல மூத்தது எது?” என்று கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாயை மூடி உட்கார்ந்தால் நானும் தங்கச்சியும் ஒன்றாகத்தான் தெரிவோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. நடுவில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம். பேச்சு முடிந்ததும் அப்பா அதை மாமா கையில் கொடுத்தால் சம்பந்தம் உறுதி. பேச்சும் முடிகிற நேரம். தங்கச்சி தலையைத் தூக்கவே இல்லை.

அப்போதுதான் வாசலுக்கு வெளியே ஒரு சிங்கள மனிதர் வந்து நின்றார். நடுவயது, கொண்டை முடிந்து சீப்புச் செருகியிருந்தார். கையில் அறுந்த கயிறு. எங்களைப் பார்த்து, “மகே மீஹரகாவ தெக்கத?” என்றார். எருமை காணாமல் போய்த் தேடி வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். இருந்த எரிச்சலில், சூட்டையும் மறந்து, அவர் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டேன்.

“என்ன?”

மனிதரின் முகம் மலர்ந்தது. இரண்டு அடி உள்ளே வந்தார்.

“என்ன, என்ன?” என்றேன், இன்னும் உரக்க.

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் குனிந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

“அட, என்னங்குறேன்!” என்று நான் கையையும் வீசினேன். அவர் காலைத் துடைத்துவிட்டுப் பாயில் மாமாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் திகைத்துப் போனோம். அம்மா கோப்பிக் கூஜாவோடு நின்றாள். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தவருக்கு வெற்றிலை கொடுக்காமல் இருக்க முடியுமா? அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் இருந்த வெற்றிலையெல்லாம் தட்டில்தான் இருந்தது. “சரிதான்” என்று முனகிக்கொண்டே தட்டை இரண்டு கையாலும் எடுத்து அந்த மனிதர் கையில் கொடுத்துவிட்டார். அவரும் அதை இரண்டு கையாலும் வாங்கித் தலைகுனிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மச்சான்!” என்று மாமா அலறினார். “தட்டக் குடுத்துட்டீங்களே! யாருங்க இந்த ஆளு?”

கேள்வி தன்னைப் பற்றித்தான் என்று அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. என்னைக் காட்டி, “மே லமயா என்ன கிவ்வனே” என்றார்.

தங்கச்சி கையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு நிற்கவில்லை. இரண்டு கையாலும் பொத்தினாள். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், மடங்கி மடங்கிச் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. அதே நேரம் பாயிலிருந்தும் ஒரு சிரிப்பு. மாமா மகன்! கூரையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, யோசிக்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், இன்னும் கூடிக்கொண்டு சிரிப்பார்கள். மற்ற நாங்களெல்லாம் மரமாக நின்றோம்.

“என்னடா, பைத்தியம் புடிச்சிருச்சா?” என்று மாமி மகனை உலுக்கினார்.

சந்தையில் சிங்களம் பழகியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அம்மா, சிங்களத்துல ‘என்ன’ன்னா ‘வாங்க’ன்னு அர்த்தம்மா. இந்தப் புள்ள ‘என்ன, என்ன’ன்னு வெரட்டுது. அவரு பாவம், வாங்க வாங்கன்னு கூப்புடுறாங்கன்னு வந்து ஒக்காந்துட்டாரு. ‘இந்தப் புள்ளதானே வரச் சொல்லிச்சு’ங்கிறாரு!”

லயமே சிரித்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதுவரை கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து சிரித்தார்கள். எனக்கு முகம் தீயாக எரிந்தது. எவ்வளவு நேரம்தான் எரியும்? நானும் சிரித்துவிட்டேன். தங்கச்சி மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மனிதரிடம் சிங்களத்தில் பேசினாள். காலையில் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே சேற்றில் ஒரு எருமை கிடந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் மடியில் தட்டோடு எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தார்.

மாமி எங்களை மறுபடியும் பார்த்தார். “அட, ரெண்டும் ஒண்ணு இல்ல போலருக்கே! இது வாயாடி, இது சிரிப்பாணி.”

“சின்னப் புள்ளையக் கேளுங்கம்மா” என்றார் மாமா மகன்.

மாமா தலையைச் சொறிந்தார். “மூத்தது இருக்கயில சின்னதக் கேட்டா ஊரு என்னடா சொல்லும்?”

“ஊரு கெடக்குது மாமா” என்று எழுந்தேன். சூடு வைத்தால் வைக்கட்டும். “எனக்கு ஒங்க மகன் வேணாம். அவரு ஒரு ‘ம்’ சொல்லுறதுக்குள்ள எனக்கு நர விழுந்துரும். தங்கச்சிக்குத்தான் அவரு மேல ஆச. அவளே என்கிட்ட சொன்னா.”

தங்கச்சி சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா கூஜாவைக் கீழே வைத்தாள்.

“ஒருத்திக்கு வேணாம்னா ரெண்டு பேருக்கும் வேணாம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் அப்படி இருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! “நீ எங்களுக்கு ஒரே சோறுதாம்மா போட்ட. பசி ஒண்ணா இருந்துச்சா?”

“தெரியும்டி! எனக்கா தெரியாது? நீ சட்டிய வழிப்ப. அவ ஒனக்குத் தெரியாம ஒன் தட்டுல பாதியத் தள்ளுவா. பெத்தவளுக்குத் தெரியாதா எது எதுன்னு?” என்றவள் மாமா பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ சொல்லு. அக்காவ விட்டுட்டு வந்தோமே. மறந்துட்டியா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்களுக்கு ஒரு பெரியம்மா இருந்தது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து கங்காணியோடு கப்பல் ஏறப் புறப்பட்டபோது, மூன்று பிள்ளைகளில் மூத்தவளுக்குக் காய்ச்சலாம். காய்ச்சல்காரப் பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னதால், யாரோ உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் அவளைப் படுக்கவைத்துவிட்டு, அடுத்த வருடம் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டு, மாமாவையும் அம்மாவையும் மட்டும் அழைத்துக்கொண்டு தாத்தா வந்துவிட்டார். அடுத்த வருடம் யாரும் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை.

“நான் என்ன செஞ்சேன், எனக்கு மட்டும் கப்பல்? அவ என்ன செஞ்சா?” என்று அம்மா கேட்டாள். “எம் புள்ளைங்கள்ல ஒண்ண எடுத்து ஒண்ண விட்டுட்டுப் போற வேல எங்கிட்ட நடக்காது.”

தங்கச்சி சேலையை முகத்திலிருந்து இறக்கினாள். “நான் போகலம்மா” என்றாள்.

“சும்மா கெடடி!” என்று அவள்மேல் பாய்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம். “அம்மா, இங்க என்ன கடலா இருக்கு? ரயில் இருக்கு, ரோடு இருக்கு. யாரு யார விட்டுட்டுப் போறா? நான் பலாங்கொடைக்கு வந்து நின்னு கத்துனா இங்க ஒனக்குக் கேக்கும்!”

மாமா மகன் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் சொன்னார்: “அத்தை, வண்டி என் கையிலதான் இருக்கு. நீங்க எப்பப் பாக்கணும்னாலும் நான் கூட்டிட்டு வருவேன். மழையில ரயில் நின்னாலும் வண்டி நிக்காது.”

காத்திருந்ததற்குப் பரவாயில்லை, நல்ல பதில்.

அம்மா அழுதாள். சிங்கள மனிதருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. தான் தட்டை வாங்கியதால்தான் இந்த வீட்டுப் பெண்பிள்ளை அழுகிறாள் என்று நினைத்திருப்பார் போல. அவசரமாக எழுந்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, பக்கத்தில் இருந்த மாமாவிடம் நீட்டினார். மாமாவும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“சரிதான். தட்டு போயிருச்சு” என்றார் அப்பா.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அதுதான் சம்மதம்.

எருமைக்காரர் கல்யாணத்துக்கும் வந்தார், ஒரு வாழைக்குலையும் பானை நிறையக் கித்துல் கருப்பட்டிப் பாணியும் தூக்கிக்கொண்டு. என்னைக் கண்ட இடத்திலெல்லாம் “என்ன, என்ன” என்று கையை ஆட்டி அழைப்பார். அதற்குப் பதில் சொல்வதற்கென்றே நான் சிங்களம் படித்தேன். முதலில் படித்தது திட்டுகிற சொற்கள். தங்கச்சி பலாங்கொடை மலைக்குப் போய்ச் சத்தமே போடாமல் ஒரு லயத்தையே தன் பேச்சுக்கு ஆட வைத்தாள். நான் பின்னால் இங்கேயே ஒரு பால்வெட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன். என் சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் போடக்கூடிய மனிதர், நன்றாகவே இருந்தோம்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணை அனுப்ப எஹலியகொட ஸ்டேஷனுக்குப் போனோம். புதுப்பெண்ணுக்குத் துணையாகக் கூடப் போகிறவள் நான். என் பாயும் துணி மூட்டையும் கட்டித் தயாராக இருந்தன. ரயில் வந்தது. தங்கச்சி ஏறினாள். நான் படியில் கால் வைத்தேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“நீ இரு. நான் போறேன்.”

“நீயா? துணைக்குப் பெத்தவ போற வழக்கம் எங்கேம்மா இருக்கு?”

“வழக்கத்தத் தூக்கி அடுப்புல போடு. ஒனக்கு வாய் இருக்கு, எங்க விட்டாலும் பொழச்சுக்குவ. அவளுக்கு அங்க யாரு இருக்கா?” என் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். ரயில் ஊதியது. ஜன்னலில் தலையை நீட்டி, “ஞாயித்துக்கெழம வந்துருவேன். பயப்படாத” என்றாள்.

“யாரு பயந்தா!” என்று கத்தினேன். ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

பயம் எனக்கு இல்லை, அம்மாவுக்குத்தான். ரயில் வளைவில் மறையும்வரை அம்மா தலையை உள்ளே இழுக்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டேஷனில் போய் நின்றபோது, ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதற்குள் கீழ்ப்படிக்கு இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டியபடி நின்றாள்.